பிடிமண்ணும் பத்துக் கிலோ பையும்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் புரவி எடுப்பு ஒரு பிடி மண்ணில் தொடங்குகிறது. இந்த ஆண்டு அய்யனாருக்குக் குதிரை எடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்ததும், கண்மாய் மண்ணில் ஒரு பிடி அள்ளி, மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து குதிரை அவர் பொறுப்பு. குழந்தை வரம் கேட்டவர்கள் மதலை என்ற குழந்தை உருவம் செய்யச் சொல்வார்கள், மாடு பிழைத்தவர்கள் மாடு செய்யச் சொல்வார்கள். எல்லாம் அதே மண்ணில், அதே சூளையில்.

குதிரை செய்யச் சக்கரம் பெரிதாக உதவாது. நாலு கால்களும் தரையிலிருந்து எழும்ப வேண்டும். மண்ணைக் கயிறாக உருட்டி, வளையத்தின் மேல் வளையம் வைத்து, உள்ளும் புறமும் விரலால் இழைத்துக்கொண்டே போவார்கள். ஒரு சுற்று கட்டியபின் அது இறுகும்வரை காத்திருந்துதான் அடுத்த சுற்று. அவசரப்பட்டால் கீழ்ச்சுற்று பிதுங்கிவிடும். கால்கள் தாங்கும் என்று கை சொன்ன பிறகே வயிறு, அதற்கு மேல் கழுத்து, கடைசியில் தலை. மண்ணில் மணலும் நெல் உமியும் கலந்திருக்கும். சூளைச் சூட்டில் உமி எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாகும். கனத்த சுவருக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற மணலும் உமியும் வழிவிடும். அந்த வழி இல்லாவிட்டால் குதிரை சூளைக்குள்ளேயே வெடிக்கும். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மண்கலைப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் ‘காயில்’ முறை இதுதான். அதில் உமிக்குப் பதிலாக, முன்பே சுட்டு அரைத்த மண்பொடி இருக்கும். அதை ‘கிராக்’ என்பார்கள். வேலை ஒன்றே.

சூளை என்றதும் நிரந்தரமான கட்டடத்தை நினைக்க வேண்டாம். தரையில் விறகும் வறட்டியும் பரப்பி, மேலே பச்சைப் பானைகளை அடுக்கி, வைக்கோலால் மூடி, சேறு பூசி, புகை போக ஓட்டை விட்டால் அதுதான் சூளை. தூக்க முடியாத பெரிய குதிரையாக இருந்தால் அது நிற்கிற இடத்திலேயே அதைச் சுற்றிச் சூளை கட்டிவிடுவார்கள். சூடு 700 முதல் 900 டிகிரி வரை போகும். தென்னை மட்டை, வைக்கோல், வறட்டி எல்லாம் ஊரிலேயே கிடைப்பவை. வறண்ட மாவட்டங்களில் சீமைக்கருவேலம் பரவிய பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நாடே திட்டுகிற மரத்தை ஓசைப்படாமல் எரித்துத் தீர்த்தவர்களில் வேளார்களும் உண்டு. மண் எடுத்ததும் ஊர்க் கண்மாயில்தான். கோடையில் தண்ணீர் வற்றியபோது விவசாயி வண்டலை வயலுக்கு அள்ளினார், வேளார் களிமண்ணை வீட்டுக்கு அள்ளினார், கண்மாய் ஆழமானது. தூர்வாருவதற்கென்று தனியாக நிதி ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் அன்று யாரும் சுற்றுச்சூழல் நேசம் என்று சொல்லவில்லை. தூரத்திலிருந்து மண் வரவழைக்கக் காசில்லை, நிலக்கரி வாங்கக் காசில்லை. பக்கத்தில் கிடைத்ததை வைத்துப் பிழைத்தார்கள். சிக்கனம் கொள்கையாக இருந்ததில்லை, வேறு வழி இல்லாததால் வந்தது. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சூளையைச் சுற்றி ஒரு வேலியும் இருந்தது.

வேளார், குலாலர், குயவர் என்று பகுதிக்கு ஒரு பெயர் இருந்தாலும் தொழில் பிறப்போடு வந்தது. வெளியாள் உள்ளே வர முடியாது, உள்ளே பிறந்தவர் வெளியே போவதும் கடினம். கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல். கோயிலில் பூசாரியாக நின்று அய்யனாருக்குத் தீபம் காட்டியவரும் ஊர்க் கணக்கில் கை நீட்டி நெல் வாங்குகிறவராகவே இருந்தார். பெண்கள் நிலை இன்னும் ஒரு படி கீழே. மண் மிதிப்பது, கல் பொறுக்குவது, காவி பூசுவது, சூளை பிரிப்பது, பானையைத் தலையில் சுமந்து சந்தையில் விற்பது எல்லாம் அவர்கள் செய்யலாம். பல ஊர்களில் சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது.

ஆனால் தமிழ்நாட்டுப் பானையில் சக்கரம் செய்வது பாதி வேலைதான். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடியே இருக்காது. வாயும் கழுத்தும் கனத்த சுவரும் கொண்ட ஒரு குழாய், அவ்வளவே. அது அரை ஈரத்துக்கு வந்தபிறகு உள்ளே ஒரு கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், வயிறு உருளும், மண் இறுகும். பானையின் உருண்ட அடியும் மெல்லிய சுவரும் வந்தது இந்தத் தட்டலில். மானாமதுரைக் கடம் இதற்கு உச்சம். கடத்தின் நாதம் தட்டலில்தான் தீர்மானமாகிறது. அந்த ஊரில் கடம் தட்டும் மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமியின் விருது கிடைத்தபோதுதான், மேடையில் ஒலிக்கும் கடத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவந்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது.

இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அலுமினியம் வந்தது, எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் குடம் வந்தது, குளிர்பதனப் பெட்டி வந்தது. பானை பொங்கலுக்கு ஒரு நாள், கார்த்திகைக்கு அகல் ஒரு நாள், துக்க வீட்டில் கொள்ளிக்குடம் என்று சடங்குக்குள் சுருங்கியது. சூளைப் பொட்டல்கள் வீட்டு மனைகளாயின.

இதே காலத்தில் புதுச்சேரியில் வேறொன்று நடந்தது. 1971-ல் ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினார்கள். மீக்கர் கட்டடக்கலையும் மண்கலையும் படித்தவர். ஸ்மித் ஜப்பானில் பிசென் நகரத்தில் மண்பாண்டம் கற்றவர். பிசென் பாண்டங்களில் மெருகுப்பூச்சே கிடையாது. விறகுச் சாம்பல் பறந்து படிந்து உருகுவதுதான் அதன் அழகு. இவர்கள் சவுக்கு விறகை எரித்து 1,250 டிகிரிக்கும் மேல் சுட்டு, கல்லைப் போல இறுகிய ஸ்டோன்வேர் பாண்டங்களைச் செய்தார்கள். சோழமண்டலக் கடற்கரை மணலில் சவுக்கு சில ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும், மறுபடி நடலாம். விறகுக்குக் காட்டைத் தொட வேண்டியதில்லை.

மீக்கரிடம் கற்க மாணவர்கள் வந்தார்கள். இந்தியாவின் இன்றைய ஸ்டுடியோ மண்கலைஞர்களில் பெரும்பங்கினர் நேராகவோ, ஆசிரியர் வழியாகவோ அந்தக் கொட்டகையோடு தொடர்புள்ளவர்கள் என்று சொன்னால் மிகையில்லை. அவர்களில் பெண்கள் நிறையப் பேர். சக்கரத்தைத் தொடக்கூடாது என்று அவர்களிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை. அங்கே வேலை பார்த்துப் பழகிய உள்ளூர்க்காரர்கள் சிலரும் பிறகு சொந்தமாகத் தொடங்கினார்கள். ஆரோவில்லிலும் சுற்றுவட்டாரத்திலும் பாண்டப் பட்டறைகள் பெருகின. கோப்பை, தட்டு, தேநீர்க் கெண்டி என்று ‘பாண்டிச்சேரி பாட்டரி’ ஒரு வணிகப் பெயரானது.

வந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். கட்டடக்கலை, வடிவமைப்பு படித்தவர்கள், நகரத்து நடுத்தர, மேல்தட்டு வீட்டுப் பிள்ளைகள். வேளார் தெருவிலிருந்து அந்த வரிசையில் வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. பிறப்பு அடைத்த கதவைப் புதிய பட்டறை திறந்தது உண்மை. திறந்த கதவில் ஆங்கிலமும் கட்டணமும் காவல் நின்றன. இருந்தாலும் நான் இந்த மாற்றத்தின் பக்கம்தான். மண்ணைத் தொடுவது ஒரு சாதியின் கட்டாயமாக இருந்த நிலை மாறி யாரும் விரும்பித் தொடலாம் என்று ஆனது சின்ன விஷயமில்லை.

என் வழக்கு வேறு. இன்றைய பட்டறைகள் தங்களைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. களிமண் என்றாலே பசுமை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

மண்பாண்டத்தில் பூமிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் நெருப்பில்தான். சுமார் 600 டிகிரிக்குள் களிமண் தன் உள்ளமைப்பில் கட்டியிருந்த நீரை இழந்துவிடும். அதன்பின் தண்ணீரில் போட்டாலும் குழையாது. பானையாக ஆக அவ்வளவும் அதற்குச் சற்று மேலும் போதும். அங்கிருந்து 1,250 டிகிரிக்கு ஏற்றுவது என்றால் சூடு சுமார் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். எரிபொருள் அப்படி ஏறாது. சூடு கூடக் கூட உலைச் சுவர் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் வெளியேறும் வெப்பம் பன்மடங்காகும், மேலே போகப் போக ஒவ்வொரு டிகிரியும் விலை கூடியதாகும். போதாததற்கு ஸ்டோன்வேர் பெரும்பாலும் இரண்டு முறை சுடப்படுகிறது. முதலில் 1,000 டிகிரிக்குப் பக்கத்தில் ‘பிஸ்க்’, பிறகு ‘கிளேஸ்’ என்ற மெருகுப்பூச்சைப் பூசி முழுச் சூடு. வேளார் சூளை ஒரே முறைதான் எரியும். நகரப் பட்டறையில் புகையே இல்லாத மின் உலை இருக்கலாம். ஆனால் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எண்ணூரிலும் நெய்வேலியிலும் புகையாகப் போனதுதான்.

மண்ணும் பயணப்படுகிறது. பட்டறையில் பத்துக் கிலோ பையில் வரும் களிமண் சலித்து, அரைத்து, காற்று நீக்கி, பிளாஸ்டிக் உறையில் அடைத்து லாரியில் வந்தது. வெளிமாநிலச் சரக்காகவும் இருக்கும். தமிழ்நாட்டிலேயே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வெண்களிமண் கிடைக்கிறது. அதை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பயிற்சி நிறுவனமும் வளர்ந்தன. கிளேஸுக்கு வேண்டிய கோபால்ட், தாமிர ஆக்சைடுகள் உலகத்தின் வேறு மூலைகளிலிருந்து வருகின்றன. ஒரு நீலக் கோப்பையின் நீலம் ஆப்பிரிக்கச் சுரங்கத்திலிருந்து கிளம்பியதாக இருக்கலாம்.

விளம்பரங்களில் வரும் ‘மட்கும்’ என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுட்ட மண் மட்காது. மட்கியிருந்தால் கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓடுகளை எடுத்துப் படித்திருக்க முடியாது. அது யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடக்கும், நுணுகினால் மணலோடு மணலாகச் சேரும். இதுவே பெரிய நற்குணம்தான், பொய்யான குணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறைகள் எதையும் செய்யவில்லை என்றால் அதுவும் அநியாயம். அக்கறையுள்ள இடங்களில் சுடாத துண்டு துணுக்கு ஒன்றுகூட வெளியே போகாது. எல்லாம் தொட்டியில் ஊறிக் குழைந்து மறுபடி மண்ணாகிவிடும். கை கழுவிய தண்ணீரைத் தெளியவைத்து அடியில் படிந்ததை எடுத்துவைக்கிறார்கள். சாப்பிடுகிற பாத்திரத்தில் ஈயம் கலந்த கிளேஸை விலக்கினார்கள். உள்ளூர்ச் சாம்பலையும் செம்மண்ணையும் வைத்துக் கிளேஸ் செய்து பார்க்கிறார்கள், ஒரே சுடலில் முடிக்க முயல்கிறார்கள், உலை நிறையும்வரை காத்திருந்து சுடுகிறார்கள். பலர் ஒரே உலையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் கூட்டுப் பட்டறையின் உண்மையான சேமிப்பு. கையால் வனைந்ததால் வருவதாகச் சொல்லப்படும் சேமிப்பைவிட அது பெரிது.

நெருப்பைப் பற்றி அதிகம் பேர் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டவர் மீக்கர். உலையில் எரியும் வெப்பத்தில் கணிசமான பங்கை உலையின் சுவரே விழுங்கிவிடுகிறது. அந்தச் சுவர் ஒரு வீட்டுச் சுவராக இருந்தால்? ஈரானில் நாதர் கலீலி மண்வீடுகளைச் சுட்டுப் பார்த்த முயற்சியின் தொடர்ச்சியாக, 1980களின் நடுவிலிருந்து அவர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் சுடாத செங்கல்லில் வளைகூரை வீடுகளைக் கட்டினார். வீட்டுக்குள் விற்கக்கூடிய செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, நாள் கணக்கில் தீ மூட்டினார். சரக்கும் வெந்தது, வீடும் வெந்தது. எரிபொருள் செலவைச் சரக்கு ஏற்றுக்கொண்டது. ஆரோவில்லில் கட்டிய ‘அக்னி ஜாத’ அவற்றில் பேர்பெற்றது. 2000களின் கடைசியில் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டு, மீக்கரோடு சேர்ந்து புதுச்சேரியில் வீடற்ற குழந்தைகளுக்கான இல்லங்களை இந்த முறையில் கட்டினார்.

இது பரவவில்லை. கனத்த சுவரின் உள்பக்கம் நன்றாக வெந்தாலும் வெளிப்பக்கம் வரை சூடு சேர்வது கடினம். கூரை கவிந்ததாகவே இருந்தாக வேண்டும், மாடி கட்ட நினைப்பவருக்கு அது ஆகாது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் அடுக்கச் சரக்கும் அதற்கு விற்பனையும் வேண்டும். ஆனாலும் எனக்கு இது தோற்ற முயற்சியாகப் படவில்லை. நின்ற இடத்திலேயே குதிரையைச் சுட்ட வேளாருக்கும் இவருக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது. நகர்த்த முடியாததைச் சுட வேண்டுமானால் நெருப்பை அதனிடம் கொண்டுபோக வேண்டும்.

வேளார் பக்கத்தில் மாற்றம் வேறு திசையில் போனது. புரவி எடுப்பு நடக்கும் ஊர்களிலேயே இப்போது சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. சிமெண்டு ஒரு முறை செலவு, ஊருக்கு நிரந்தரப் பெருமை. மண்குதிரை சில மழைக்காலத்தில் காதை இழக்கும், பிறகு காலை இழக்கும். பழையதை யாரும் ஒட்டவைக்கமாட்டார்கள். அடுத்த எடுப்பில் புதிது வரும், அது பக்கத்தில் நிற்கும். அந்த உடைவில்தான் வேளாருக்கு அடுத்த வேலை இருந்தது. சிமெண்டு குதிரையோடு பிடிமண்ணும் நின்றுபோகிறது. மண்குதிரை தொடரும் இடங்களிலும் சுண்ணாம்பும் காவியும் போய் எனாமல் பெயிண்ட் வந்துவிட்டது. விநாயகர் சிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-ல் நெறிமுறை வகுத்தது. 2020-ல் அதைத் திருத்தி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை விலக்கியது. சுடாத களிமண் பிள்ளையாருக்கு அதனால் கொஞ்சம் சந்தை திரும்பியது. அதற்கும் மண் வேண்டுமே.

மண் கிடைப்பதுதான் பெரிய மாற்றம். ஊர்க் கண்மாய் அரசுச் சொத்து, களிமண் சிறுகனிமம். மணல் திருட்டைத் தடுக்க வந்த கெடுபிடியில் மாட்டுவண்டியில் களிமண் ஏற்றிய வேளாரும் சிக்கினார். மாவட்ட அலுவலகம் வரை அலைந்து அனுமதி வாங்குவதற்குள் மழை வந்து கண்மாய் நிறைந்துவிடும். 2024 ஜூலையில்தான் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் வண்டலும் களிமண்ணும் எடுக்கலாம் என்று நடைமுறை எளிதானது. நகரத்துப் பட்டறைக்காரருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவருக்கு மண் இணையத்தில் கிடைக்கிறது.

இரண்டு உலகமும் சந்திக்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் மண்ணில் கை வைக்கிறார்கள். புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பகுதிக் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இப்படிப்பட்ட சந்திப்புகளில் வேளார் பெரும்பாலும் செய்துகாட்டுபவராக அழைக்கப்படுகிறார், கற்பிப்பவராக அல்ல. அரை மணி நேரம் சக்கரம் சுற்றிக் காட்டுவார், கூட்டம் படம் எடுக்கும், ஒரு சால்வை, முடிந்தது. பாடத்திட்டம் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்ததாகவே இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் மண்சட்டிச் சமையல் மறுபடி மோகமாகியிருக்கிறது. நகரத்து ஆள் மீன்குழம்பு வைக்க மண்சட்டி தேடுகிறார். ஸ்டுடியோவின் ஸ்டோன்வேர் இதற்கு உதவாது. இறுகி மூடிய மண் நேரடித் தீயில் சீரில்லாமல் விரிந்து வெடித்துவிடும். மணல் கலந்து, குறைந்த சூட்டில் வெந்து, நுண்துளையோடு இருக்கும் வேளார் சட்டிதான் தீயைத் தாங்கும். அதன் உருண்ட அடியில் சூடு ஒரே சீராகப் பரவும். விறகடுப்பின் மூன்று குமிழில் அது அழகாக உட்கார்ந்தது. கேஸ் அடுப்பின் கம்பியில் ஆடுகிறது, மேசையில் வைத்தால் சாய்கிறது. அதனால் கடைக்காரர்களும் இணைய வியாபாரிகளும் தட்டை அடி கேட்கிறார்கள்.

தட்டை அடி தொல்லை பிடித்தது. அடியும் சுவரும் சேரும் மூலையில்தான் சூட்டின் இழுவிசை குவியும், விரிசல் அங்கேதான் விடும். அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் உள்ளும் புறமும் வளைத்துத் தட்ட வேண்டும். அதிகம் வளைந்தால் சட்டி பழையபடி ஆடும், குறைவாக வளைந்தால் முதல் குழம்பிலேயே கீறும். பலகை எந்தக் கோணத்தில் விழ வேண்டும், உள்ளே கல்லை எங்கே நிறுத்த வேண்டும், அந்த மூலையில் எவ்வளவு மண்ணை விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் வார இறுதிப் பட்டறைகளின் பாடத்தில் இல்லை. மானாமதுரை போன்ற ஊர்களில் சட்டி தட்டுகிற பெண்களிடம் இருக்கிறது. வகுப்பெடுக்க வரச்சொல்லி அவர்களை அழைப்பவர்கள், கோப்பை வகுப்புக்கு வாங்கும் அதே கட்டணத்தை இதற்கும் வாங்கி, அதில் ஆசிரியர் பங்கை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.